மௌக்லியைச் சேர்த்துக்க மாட்டாங்க: அடையாறு முதல் தாம்பரம் வரை ஒரு சாரணர் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

2017 செப்டம்பர்ல நீங்க ட்விட்டர்லயோ ஃபேஸ்புக்லயோ இருந்திருந்தா, ஒரு விநோதமான தேர்தல் ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு சாரணர் சாரணியர் இயக்கத்தோட மாநிலத் தலைவர் பதவிக்கான தேர்தல். பா.ஜ.க.வின் எச். ராஜா போட்டியிட்டார். எதிர்ல நின்னவர் பள்ளிக் கல்வித் துறையின் முன்னாள் இயக்குநர் மணி. ராஜாவுக்கு 52 ஓட்டு, மணிக்கு 234. அன்னிக்கு வந்த மீம்களுக்கு அளவே இல்லை.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனா அதுக்கு அப்புறம் ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. காக்கி யூனிஃபார்ம் போட்டு, கழுத்துல ஸ்கார்ஃப் கட்டி, கயித்துல முடிச்சு போடக் கத்துக்கிற பசங்களோட அமைப்பு இது. இதுக்குத் தலைவர் ஆகறதுக்கு ஏன் பெரிய மனுஷங்க இவ்வளவு மெனக்கெடுறாங்க?

தேடிப் பார்த்தா, இந்தச் சண்டைக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. அதுல முக்கியமான ஒரு ரவுண்டு நடந்ததே நம்ம ஊர்லதான், அடையாறுல. இன்னிக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் நானும் சாரணனா இருந்தவன். அதனால கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க.

சாரணர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, மொத்தம் ஒன்பது விதிகள். அதுல முதல் விதி, சாரணன் நம்பிக்கைக்கு உரியவன் என்பது. இந்த எபிசோடுக்கு அது ஒண்ணு போதும். இந்த இயக்கத்தோட மொத்த வரலாறையும் ஒரே கேள்வியா சுருக்கிடலாம்: யாரை நம்பினாங்க, யாரை நம்பல?

சின்னப் பசங்ககிட்ட பொறுப்பு

முதல்ல அடிப்படை. தென்னாப்பிரிக்காவுல மேஃபெகிங்னு ஒரு சின்ன ஊர். போயர் போர் சமயத்துல, 1899 அக்டோபர்லேருந்து 1900 மே வரைக்கும், 217 நாள் அந்த ஊர் முற்றுகையில இருந்துச்சு. உள்ள மாட்டிக்கிட்ட பிரிட்டிஷ் படைக்குத் தளபதி ராபர்ட் பேடன் பவல். ஆள் பத்தல. அதனால ஊர்ப் பசங்களை ஒரு படையா சேர்த்து, செய்தி கொண்டு போறது, காவல் பார்த்துச் சொல்றது மாதிரி வேலைகளைக் கொடுத்தாங்க. பசங்க சைக்கிள்ல பறந்து அதைச் செஞ்சு முடிச்சாங்க. ‘பொறுப்பு கொடுத்தா பசங்க பொறுப்பா நடந்துக்கிறாங்க’ன்னு பேடன் பவலுக்கு அங்கதான் உறைச்சுது.

1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல ப்ரவுன்சீ தீவுல சுமார் இருபது பசங்களோட ஒரு சோதனை முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிப் பசங்க பாதி, தொழிலாளர் வீட்டுப் பசங்க பாதி. நாலு அணியா பிரிச்சார். ஒவ்வொரு அணிக்கும் அவங்கள்லயே ஒருத்தன் தலைவன். 1908-ல ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ புத்தகம் பதினைஞ்சு நாளைக்கு ஒரு பகுதியா வெளிவந்துச்சு. அதை வாங்கிப் படிச்ச பசங்க, பெரியவங்களுக்குக் காத்திருக்காம தாங்களே குழு ஆரம்பிச்சுட்டாங்க. பெண்களும் சும்மா இருக்கல. 1909-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல நடந்த பேரணிக்கு அழைப்பு இல்லாமலே வந்து நின்னாங்க. அடுத்த வருஷமே சாரணியர் இயக்கம் பிறந்துச்சு.

இதுல யூனிஃபார்ம், விசில், முடிச்சு எல்லாம் வெளித்தோற்றம். உள்ள இருக்கிற இயந்திரம் அந்த ‘அணி முறை’தான். ஆறுலேருந்து எட்டு பேர், அவங்க வயசுலயே ஒரு தலைவன் அல்லது தலைவி. பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்னு பார்ப்பார். இன்னிக்கும் இந்தியாவுல அதே கணக்குதான்.

கதை நம்மளது, அனுமதி அவங்களுக்கு

இப்போ ஒரு வேடிக்கையைப் பாருங்க. சாரணர்கள் விளையாடுற ஒரு பழைய விளையாட்டு இருக்கு. ஒரு தட்டுல இருபது, இருபத்தஞ்சு பொருள் வெச்சிருப்பாங்க. ஒரு நிமிஷம் பார்க்கலாம், அப்புறம் துணி போட்டு மூடிடுவாங்க. என்னென்ன இருந்துச்சுன்னு எழுதணும். ‘கிம் விளையாட்டு’ன்னு பேர். ருட்யார்ட் கிப்ளிங் 1901-ல எழுதின ‘கிம்’ நாவல்லேருந்து எடுத்தது. அந்தக் கதை நடக்கிறது லாகூர்லயும் சிம்லாவுலயும்.

அடுத்து, குருளையர். அதாவது சின்னப் பசங்களுக்கான பிரிவு. 1916-ல பேடன் பவல் அதை முறைப்படுத்தினப்போ, முழுக்க கிப்ளிங்கோட ‘ஜங்கிள் புக்’ மேலயே கட்டினார். ஓநாய்க் கூட்டம், அகேலா, பாலூ, பகீரா. கதாநாயகன் மௌக்லி, நம்ம மத்திய இந்தியாவுல சிவனி காட்டுல வளர்ற பையன்.

அதே 1916-ல, அந்த மௌக்லி நேர்ல வந்து இந்தியாவுல இருந்த அதிகாரபூர்வ சாரணர் அமைப்புல சேர்ந்துக்கிறேன்னு சொல்லியிருந்தா, சேர்த்திருக்க மாட்டாங்க. ஏன்னா அவன் இந்தியன்.

நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. இந்தியாவுல முதல் சாரணர் படை 1909-ல பெங்களூர்ல, கேப்டன் பேக்கர்னு ஒரு ராணுவ அதிகாரி ஆரம்பிச்சது. அப்புறம் வேற ஊர்களுக்கும் பரவினது. எல்லாமே ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்குத்தான். 1911-ல ஜபல்பூர்ல சாரணியர் வந்தாங்க, அதுவும் அதே மாதிரி.

அரசாங்கத்தோட பயம் என்னன்னு புரிஞ்சுக்க அந்தக் காலத்தைப் பார்க்கணும். 1905-ல வங்கப் பிரிவினை. 1908-ல முசாஃபர்பூர்ல குண்டு வீசினதுக்காகத் தூக்கில போடப்பட்ட குதிராம் போஸுக்கு வயசு 18. 1911-ல நம்ம மணியாச்சி ஜங்ஷன்ல கலெக்டர் ஆஷைச் சுட்டுட்டு தன்னையும் சுட்டுக்கிட்ட வாஞ்சிநாதன் இருபதுகள்ல இருந்த இளைஞர். இந்தச் சூழ்நிலையில, தடம் பார்க்கவும், சைகையில செய்தி அனுப்பவும், கூடாரம் போடவும், கூட்டா இயங்கவும் இந்தியப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா நாளைக்கு என்ன ஆகும்? அதனால வேண்டாம்னு முடிவு பண்ணாங்க.

ஒரு விதத்துல அது பாராட்டு. எட்டு பசங்க தாங்களா சேர்ந்து ஒரு வேலையை முடிக்கக் கத்துக்கிட்டா எவ்வளவு பெரிய சக்தின்னு அந்த அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருந்தது.

அடையாறு, 1916

இங்கதான் அன்னி பெசன்ட் வர்றார். பெசன்ட் நகர்னு தினமும் சொல்றோமே, அந்தப் பெசன்ட். லண்டன்ல பிறந்தவர். தியாசபிகல் சொசைட்டியோட தலைவரா அடையாறுல இருந்தார். ‘நியூ இந்தியா’ பத்திரிகை நடத்தினார். 1916 செப்டம்பர்ல ஹோம் ரூல் லீக் ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு 69 வயசு நெருங்கிட்டிருந்தது.

அதே வருஷம் அவரும் ஜார்ஜ் அருண்டேலும் சேர்ந்து சென்னையில ‘இந்தியன் பாய் ஸ்கவுட்ஸ் அசோசியேஷன்’ ஆரம்பிச்சாங்க. நீங்க சேர்க்கலைன்னா நாங்களே நடத்திக்கிறோம்ங்கிற கணக்கு. தொப்பிக்குப் பதிலா தலைப்பாகை. இங்கிலீஷ் பாட்டுக்குப் பதிலா நம்ம பாட்டு. அணி முறை, முடிச்சு, முதலுதவி, முகாம் எல்லாம் அப்படியே.

அடுத்த வருஷம், 1917 ஜூன்ல, மெட்ராஸ் அரசாங்கம் பெசன்டையும் அருண்டேலையும் பி.பி. வாடியாவையும் காவல்ல வெச்சுது. ஊட்டிக்கு அனுப்பினாங்க. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பர்ல விடுதலை. டிசம்பர்ல கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரே தலைவர். அந்தக் காலத்துப் பெற்றோர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ‘புள்ளைய எதுல சேர்த்திருக்கீங்க?’ன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா, சர்க்கார் பிடிச்சு வெச்சிருக்கிற அம்மாவோட அமைப்புலன்னு பதில் சொல்லணும். அதையும் மீறித்தான் பசங்க சேர்ந்தாங்க.

வடக்கேயும் இதே மாதிரி நடந்துச்சு. அலகாபாத்ல மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் சேர்ந்து 1918-ல சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைச்சாங்க. நாக்பூர் பக்கம் விவியன் போஸ், பின்னால உச்ச நீதிமன்ற நீதிபதியா ஆனவர், இந்தியப் பசங்களுக்காக வேலை செஞ்சார். ஒரே நாட்டுல பல சாரணர் அமைப்புகள், ஆனா முடிச்சு மட்டும் ஒண்ணுதான்.

1921 தொடக்கத்துல பேடன் பவலே இந்தியாவுக்கு வந்தார். இந்தியப் பசங்களை இனிமே வெளியில நிறுத்த முடியாதுன்னு அதுக்குள்ள எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. சென்னையில பெரிய பேரணி. பெசன்டோட அமைப்பு அதிகாரபூர்வ இயக்கத்தோட இணைஞ்சுது. எழுபதைத் தாண்டின பெசன்ட், பேடன் பவல் முன்னாடி சாரணர் உறுதிமொழி எடுத்தார். அவருக்கு கௌரவ ஆணையர் பொறுப்பும் கிடைச்சுது. 1932-ல இயக்கத்தோட உயர்ந்த விருதான ‘சில்வர் உல்ஃப்’ கொடுத்தாங்க.

ஆனா சேவா சமிதி இணையல. காரணம் உறுதிமொழி. அதுல கடவுளுக்கும் நாட்டுக்கும் கூடவே மன்னருக்கும் கடமைப்பட்டிருக்கேன்னு சொல்லணும். காந்தியோட ஒத்துழையாமை இயக்கம் உச்சத்துல இருந்த காலம் அது. பத்து வயசுப் பையன் கையைத் தூக்கி, தூரத்துல இருக்கிற ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு எப்படிச் சொல்லுவான்னு அவங்க கேட்டாங்க.

பெசன்ட் செஞ்சது சரியா? என்னைக் கேட்டா, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. உள்ள போனதால இந்தியப் பசங்களுக்குக் கதவு திறந்துச்சு. வெளியில நின்னவங்களால அந்தக் கதவுல என்ன விலை எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அந்த விலை 1937-ல வெளிப்படையா தெரிஞ்சுது. டெல்லியில முதல் அகில இந்திய ஜம்போரி, அதாவது பெருந்திரளணி. பேடன் பவல் வந்துட்டுப் போனார். அதுக்கப்புறம் இந்தியர்களோட குணநலனைப் பத்தி அவர் தாழ்வாப் பேசினதா செய்தி வெளியாகி, நாடு கொந்தளிச்சுது. நம்பிக்கையை முதல் விதியா எழுதின மனுஷன், நம்ம பசங்களை உள்ளுக்குள்ள நம்பலையான்னு கேட்டாங்க. நிறையப் பேர் விலகினாங்க. 1938-ல ஹிந்துஸ்தான் ஸ்கவுட் அசோசியேஷன் உருவாச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறமும் உடனே ஒண்ணு சேரல. நேரு, மௌலானா ஆசாத், குன்ஸ்ரு, விவியன் போஸ், மங்கள்தாஸ் பக்வாசான்னு பலர் உட்கார்ந்து பேசி, 1950 நவம்பர் 7-ல பாரத சாரணர் இயக்கமா இணைச்சாங்க. 1951 ஆகஸ்ட் 15-ல சாரணியரும் சேர்ந்தாங்க. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 7-ல பள்ளிக்கூடத்துல கொடி ஸ்டிக்கர் வித்திருப்பாங்களே, அது இந்த இணைப்பு நாளுக்காகத்தான். சேலையூர் பக்கம் வீடு வீடா ஏறி ஸ்டிக்கர் வித்தப்போ எனக்கு அது தெரியாது. நாலு காலிங் பெல்லுக்கு ஒண்ணுதான் திறக்கும்ங்கிறது மட்டும் தெரிஞ்சுது.

புது உறுதிமொழியில மன்னர் இல்லை. கடவுள், நாடு, பிறருக்கு உதவி, சாரணர் சட்டம், அவ்வளவுதான். ‘கடவுள்’ங்கிற சொல் வேண்டாம்னு நினைக்கிறவங்க அதுக்குப் பதிலா ‘தர்மம்’னு சொல்லிக்கலாம்னு விதியே இடம் கொடுக்குது. சட்டத்துல பொதுச் சொத்தைப் பாதுகாக்கணும்னு ஒரு வரியும் இருக்கு. ராஜாவோட இடத்துல இப்போ பஸ் சீட்டும் ரயில் பெட்டியும் வந்து உட்கார்ந்திருக்கு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ரயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது

இப்போ தாம்பரத்துக்கு வருவோம். அடையாறுக்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அந்த ஆறே சம்பந்தம்தான். தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர் பக்கத்து ஏரித் தண்ணியில பிறந்து, முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், சைதாப்பேட்டைன்னு ஓடி, தியாசபிகல் சொசைட்டி தோட்டத்தை ஒட்டி கடல்ல கலக்குது. பெசன்ட் ஆத்தோட வாய்ல இருந்தார், நாங்க தலைப்பக்கம் இருந்தோம்.

தாம்பரம் ஒரு ஊரா வளர்ந்தது ரயிலாலயும் நிறுவனங்களாலயும். 1928-ல டாக்டர் சௌரி முத்து காசநோய் சானடோரியம் ஆரம்பிச்சார். அந்தப் பேர் இன்னும் ஸ்டேஷன் போர்டுல இருக்கு. 1931-ல பீச்சுலேருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுது. 1937-ல மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனை பக்கத்துலேருந்து கிளம்பி சேலையூர் காட்டுக்குக் குடி வந்துச்சு. ரயில்வே குடியிருப்பு, பணிமனை, பள்ளிக்கூடங்கள் எல்லாம் வரிசையா வந்துச்சு. 2021-ல பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு சுத்தி இருந்ததெல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியே ஆயிடுச்சு.

நான் ஏன் ரயிலையும் பள்ளிக்கூடத்தையும் சொல்றேன்னா, இந்தியாவுல சாரணர் இயக்கம் நடக்கிறதே இந்த ரெண்டு கால்ல. ஒண்ணு பள்ளிக்கூடம். இன்னொண்ணு ரயில்வே. பாரத சாரணர் சாரணியர் அமைப்புல தெற்கு ரயில்வே ஒரு தனி ‘மாநிலம்’. தமிழ்நாட்டுக்கு எப்படி ஒரு மாநில அமைப்போ, அப்படி ரயில்வேக்கும் ஒண்ணு. கூட்ட நேரத்துல பிளாட்ஃபார்ம்ல தண்ணி கொடுக்கிறது, வழி சொல்றது, வரிசையை ஒழுங்கு பண்றது மாதிரி சேவைகளை ரயில்வே சாரணர்கள் செய்யறாங்க. ரயில்வே வேலைக்கு சாரணர் ஒதுக்கீடுன்னு சில இடங்களும் உண்டு. அதுக்கு ராஷ்டிரபதி விருது மாதிரி பெரிய தகுதி வேணும். ரயில்வே குடியிருப்புல வளர்ந்த பல வீடுகள்ல அது வெறும் பொழுதுபோக்கு இல்ல, ஒரு வாழ்க்கைக் கணக்கு.

நான் பள்ளிக்கூடக் கால்ல வந்தவன். எங்க படையை நடத்தினது ஒரு கணக்கு வாத்தியார். சனிக்கிழமை காலையில மைதானத்துல நிப்பார். அதுக்கு அவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. முதல் மாசம் ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச். அடுத்து முக்கோணத் துணியில கட்டு. கழுத்து ஸ்கார்ஃபை அவிழ்த்தா, உடைஞ்ச கைக்குத் தூளி ஆகும்னு அப்போதான் தெரிஞ்சுது. அழகுக்குப் போட்டதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

எங்க அணித்தலைவன் எட்டாவது படிச்சான். நான் ஆறாவது. செங்கல்பட்டு பக்கம் ஒரு முகாமுக்குப் போனப்போ, சார் அவன் கையில காய்கறிக்கான காசைக் கொடுத்து, ‘எட்டு பேர், ரெண்டு வேளை. கணக்கு எழுதிக்கோ’ன்னு மட்டும் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல. கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு அவன் சந்தைக்குப் போனான். தக்காளிக்குப் பேரம் பேசினான். மிச்சக் காசையும் சீட்டையும் கொண்டு வந்து கொடுத்தான். சாம்பார்ல உப்பு தூக்கல்தான். ஆனா அன்னிக்கு அவன் நடந்த நடையே வேற மாதிரி இருந்துச்சு. ஒரு பெரியவர் தன்னை நம்பிட்டாருன்னு தெரிஞ்ச பையனோட நடை அது. பெசன்டுக்கும் சேவா சமிதிக்கும் நடந்த சண்டையெல்லாம் கடைசியில இந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான்னு இப்போ தோணுது.

2015-க்கு யார் தயாரா இருந்தாங்க?

சாரணர்களோட முழக்கம் ‘தயாராக இரு’. எதுக்குத் தயார்னு 2015 டிசம்பர் கேட்டுச்சு. டிசம்பர் 2 காலையில முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெய்ஞ்ச மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரைக்கும் தண்ணி பார்த்துச்சு. மீனவர்கள் படகோட வந்தாங்க, ராணுவம் வந்துச்சு, விமான நிலையம் நாலஞ்சு நாள் மூடியே கிடந்துச்சு.

அந்த வாரம் தெருவுல இறங்கி வேலை பார்த்தவங்க பெரும்பாலும் இருபதுகள்ல இருந்தவங்க. வாட்ஸ்அப் குழுவுல பட்டியல் போட்டு, பால் பவுடர், நாப்கின், மாத்திரைன்னு பிரிச்சு, எந்தத் தெருவுக்கு யார் போறதுன்னு முடிவு பண்ணாங்க. பத்து பேருக்குள்ள ஒரு சின்னக் குழு, அதுக்கு ஒரு தலைவர், தெளிவான ஒரு வேலை. பேடன் பவலோட அணி முறை பத்தி ஒரு வரி படிக்காம, தேவையே அவங்களை அந்த வடிவத்துக்குக் கொண்டு வந்துடுச்சு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. தண்ணி வந்த அப்புறம் கத்துக்கிட்டா நாலு நாள் வீணாகும். முன்னாடியே கத்துக்கிட்டவங்களுக்கு வயசானவரைப் படகுல எப்படி ஏத்தறது, கயிறை எங்க கட்டறது, யாரை முதல்ல கேக்கறதுன்னு கை தன்னால செய்யும். ஆத்தோட தலைப்பக்கம் குடியிருக்கிற நமக்கு இது வருஷா வருஷம் வர்ற தேர்வு. மிச்சாங், ஃபெஞ்சல்னு பேர் மட்டும்தான் மாறுது.

நம்பிக்கைக்கு ஒரு பூட்டும் வேணும்

இவ்வளவு நேரம் பெரியவங்க பசங்களை நம்பறதைப் பத்திப் பேசினேன். பசங்க பெரியவங்களை நம்பறதைப் பத்தியும் பேசியே ஆகணும். இதை விட்டுட்டா இந்த எபிசோடு பொய் ஆயிடும்.

அமெரிக்க சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில திவால் மனு கொடுத்துச்சு. பல பத்தாண்டுகளா முகாம்கள்லயும் குழுக்கள்லயும் நடந்த பாலியல் கொடுமைகளுக்காக 80,000-க்கும் மேற்பட்டவங்க இழப்பீடு கேட்டு வந்தாங்க. நம்ம ஊர்ல, 2024 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தனியார் பள்ளியில போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளுக்குக் கொடுமை செஞ்ச வழக்கு எல்லாருக்கும் தெரியும். அது உண்மையான என்.சி.சி.யும் இல்ல, சாரணர் இயக்கமும் இல்ல. ஆனா யூனிஃபார்ம் பார்த்ததும் நாம கேள்வி கேக்கறதை நிறுத்திடறோம்னு அது காட்டுச்சு.

இதுக்குத் தீர்வு முகாமையே நிறுத்தறது இல்ல. ‘எதுக்கு வம்பு, வீட்லயே இரு’ன்னு சொன்னா, மறுபடியும் பசங்களை நம்பாத அந்தப் பழைய அரசாங்கம் மாதிரியே ஆயிடுவோம். அதனால கேள்வி கேளுங்க. நடத்தறவர் எந்த மாவட்ட அமைப்புல பதிவு பண்ணியிருக்கார்? முகாமுக்கு முறையான அனுமதி இருக்கா? எந்த நேரத்துலயும் ஒரு பெரியவர் தனியா ஒரு குழந்தையோட இருக்காம, ரெண்டு பெரியவங்களாவது இருக்காங்களா? சாரணியர் முகாம்னா பெண் பொறுப்பாளர் ராத்திரியும் கூட இருக்காங்களா? குழந்தை எப்போ வேணா வீட்டுக்கு போன் பண்ணலாமா? ஏதாவது தப்பா பட்டா 1098-க்குக் கூப்பிடலாம், போக்சோ சட்டம் இருக்குன்னு பசங்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்காங்களா? நல்லா நடத்தறவங்க இந்தக் கேள்விகளைக் கேட்டா கோவப்பட மாட்டாங்க. கோவப்பட்டா, அதுவே உங்களுக்குப் பதில்.

இனிமே?

2025 ஜனவரி கடைசியில மணப்பாறையில பாரத சாரணர் இயக்கத்தோட வைர விழா ஜம்போரி நடந்துச்சு. நாடு முழுக்கலேருந்து ஆயிரக்கணக்கான பசங்க ஒரு வாரம் கூடாரத்துல தங்கினாங்க. அதைப் பார்த்தா இயக்கம் செழிப்பா இருக்குன்னு தோணும். ஆனா ஜம்போரி பெருசா இருக்கிறதால உங்க தெருவுல ஒரு குழு இருக்குன்னு அர்த்தம் இல்ல.

என்னோட படிச்சவங்க கிட்டயும், இப்போ பள்ளியில வேலை பார்க்கிற நண்பர்கள் கிட்டயும் பேசினேன். பிரச்சினை எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். சனிக்கிழமை ட்யூஷன். மைதானத்துல புதுக் கட்டடம். விருதுச் சான்றிதழுக்காக மட்டும் சேர்ற பசங்க, முடிச்சே போடாம நோட்டுல படம் வரைஞ்சு முடிக்கிறாங்க. எல்லாத்துக்கும் மேல, நடத்த ஆள் இல்ல. ஒரு வாத்தியார் ஓய்வு பெற்றா, அவரோட படையும் ஓய்வு பெற்றுடுது. முப்பது வருஷப் படை ஒரே ஒரு பிரிவு உபசார விழாவுல முடிஞ்சு போகுது.

இன்னொரு பக்கம், மேடவாக்கத்துலயும் செம்பாக்கத்துலயும் அடுக்குமாடியில வளர்ற பன்னெண்டு வயசுப் பசங்களைப் பாருங்க. மூணு கோடிங் கிளாஸ் போறாங்க. ஆனா தனியா ரோட்டைத் தாண்டி மளிகைக் கடைக்குப் போனது இல்ல. அவங்க கையில காசு கொடுத்து, எட்டு பேருக்குக் காய் வாங்கிட்டு வான்னு சொல்ல ஆள் இல்ல. அவங்களுக்குத் திறமை குறைவுன்னு யாரும் நினைக்கல. ஆனா நம்பிப் பொறுப்பையும் யாரும் கொடுக்கல.

இந்த நிகழ்ச்சியைக் கேக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு வயசு பதினெட்டுலேருந்து இருபத்தஞ்சுக்குள்ள. உங்களுக்கு ஒரு தகவல். சாரணர்னா பள்ளிக்கூடத்தோட முடியறது இல்ல. இருபத்தஞ்சு வயசு வரைக்கும் திரிசாரணர், திரிசாரணியர்னு பிரிவு இருக்கு. பள்ளியைச் சாராத திறந்தவெளிக் குழு ஆரம்பிக்கவும் இயக்கத்துல வழி இருக்கு. அணிக்கு ஆறு பேர், ரெண்டு அணி சேர்ந்தா ஒரு படை. அதாவது பன்னெண்டு பசங்க, ஒரு பூங்கா, பயிற்சி எடுத்த ரெண்டு பெரியவங்க. பெரியவங்களுக்கான அடிப்படைப் பயிற்சியை இயக்கமே நடத்துது. உங்க மாவட்ட சாரணர் ஆணையர் அலுவலகத்துல விசாரிச்சா தேதி சொல்லுவாங்க.

சாரணர் இயக்கமே வேணும்னு கூட நான் அடம்பிடிக்கல. யூனிஃபார்ம் பிடிக்கலையா, உறுதிமொழி பிடிக்கலையா, சரி. பெசன்டும் மாளவியாவும் அதைத்தானே செஞ்சாங்க? வேணாங்கிறதை விட்டுட்டு, வேணுங்கிறதை எடுத்துத் தங்களுக்குத் தகுந்த மாதிரி நடத்தினாங்க. உங்க அபார்ட்மென்ட் சங்கம், தெரு நூலகம், ஏரிப் பாதுகாப்புக் குழு, எதுவா வேணா இருக்கட்டும். பசங்களைக் கூப்பிட்டா வரிசையில நிக்க வெச்சு போட்டோ எடுத்து அனுப்பிடாதீங்க. எட்டு பேரா பிரிங்க. அவங்கள்லயே ஒருத்தியைத் தலைவியாக்குங்க. ஒரு நிஜமான வேலையைக் கொடுங்க. அப்புறம் நாலடி தள்ளி நில்லுங்க. அந்த நாலடிதான் கஷ்டம்.

அடுத்த மழைக்காலம் வர இன்னும் சில மாசம் இருக்கு. உங்க தெருவுல யார் முதல் மாடியில இருக்காங்க, யாருக்கு டயாலிசிஸ், யார் வீட்ல நடக்க முடியாத பாட்டி இருக்காங்கன்னு ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்க. பசங்க ஒரே ஞாயித்துக்கிழமையில எடுத்துடுவாங்க. நம்பிக் கொடுத்துப் பாருங்க.

உங்க பள்ளியிலயோ ரயில்வே குடியிருப்புலயோ இருந்த சாரணர் படையைப் பத்திப் பழைய போட்டோ, நாட்குறிப்பு, கதை ஏதாவது இருந்தா எங்களுக்கு அனுப்புங்க. தென்சென்னைக் குழுக்களோட கதைகள் பெரும்பாலும் யார் வீட்டுப் பரண்லயோதான் கிடக்கு. அதைச் சேர்த்து இன்னொரு எபிசோடு பண்ணணும்னு ஆசை.